பாபிலோனின் இரண்டு இசைத்தட்டுகள்

அமெரிக்காவின் ஷோடைம் அலைவரிசையில் 2000 முதல் 2005 வரை ஒளிபரப்பான, தன்பாலீர்ப்புள்ள நண்பர்களைப் பற்றிய ‘குயர் ஆஸ் ஃபோக்’ தொடரின் கதை பிட்ஸ்பர்க்கில் நடந்தாலும் (படப்பிடிப்பு என்னவோ டொரொன்டோவில்தான்), அதன் உயிர்நாடி ‘பாபிலோன்’ என்ற இரவு நடனவிடுதியே. அத்தொடரின் இசைத்தொகுப்புகளில் ஒன்றை மட்டும் வாங்க நினைப்பவர், 2001-இல் வெளியான முதல் பருவத் தட்டுக்கும், மூன்றாம் பருவத்துக்காக 2003-இல் ‘கிளப் பாபிலோன்’ என்ற பெயரில் வந்த இரட்டைத் தட்டுக்கும் இடையே தயங்கக்கூடும்.

முதல் தட்டில் பாட்டுக்குத்தான் முதலிடம். பேரி ஹாரிஸின் தாளத்தின் மேல் பெப்பர் மாஷே முழங்கும் ‘டைவ் இன் த பூல்’ ஆடவைக்கும். ஹெதர் ஸ்மாலின் ‘பிரவுட்’ பாடலோ, இன்று உன்னைப் பெருமைகொள்ளச் செய்தது எது என்று கேட்டு, ஆடுபவரைச் சற்றே நிறுத்திவிடும். 2005-இல் தொடரின் கடைசிக் காட்சியில், குண்டுவெடிப்பில் சிதைந்த பாபிலோனுக்குள் தொடரின் நாயகன் பிரையன் ஆடும்போது ஒலிப்பதும் இதே பாடல்தான் என்பதால், தொடரைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் நடனப்பாட்டாக ஒலிப்பதில்லை.

இரட்டைத் தட்டு பெயருக்கேற்ப ஆடுகளத்துக்கானது. விருந்து வைப்பவர்களுக்கு அதன் நீளம் வசதி. வீட்டில் தனியே அமர்ந்து கேட்பதற்கு, என் தெரிவு முதல் தட்டே.