எம்சிபி இன்ஸ்பெக்டர்: நான் எழுதிய விளக்கத்தை என்னையே வாசிக்க வைத்த சாமான்

களுவாஞ்சிகுடியில் மாமாவுக்கு ஒரு நெல் ஸ்டோர் இருக்கிறது. அறுவடை முடிந்தால் படுவான்கரைப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும், கணக்கெல்லாம் கொப்பியில். அதைக் கணினியில் ஏற்றி, மாமா போனிலேயே "சம்பா எவ்வளவு கிடக்கு" என்று ஒரு ஏஐ ஏஜென்டிடம் கேட்கிற மாதிரிச் செய்து தருகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். அதற்காக ஒரு சின்ன எம்சிபி சேர்வர் எழுதினேன். எம்சிபி என்பது 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட திறந்த நெறிமுறை, வெளியில் இருக்கும் டூல்களை ஏஐ மொடல்கள் அழைப்பதற்கான பொதுவழி. ஒரு டூலைப் பற்றி மொடலுக்குப் போவது அதன் பெயர், அதற்கு நாம் எழுதிய விளக்கம், என்னென்ன உள்ளீடு வேணும் என்ற ஸ்கீமா, ஏறக்குறைய இவ்வளவுதான். உள்ளே நாம் எழுதிய கோட் அதற்குத் தெரியாது.

இன்ஸ்பெக்டர் அதே திட்டத்திலிருந்து வரும் இலவச சோதனைக் கருவி, மொடலுக்குப் போகும் அந்த விவரங்களை நமக்கும் காட்டும், டூலை நாமே கையால் ஓட்டியும் பார்க்கலாம். நோட் (Node.js, ஜாவாஸ்கிரிப்ட் கோட்டை ஓட்டும் மென்பொருள்) 22ஆம் பதிப்பு வேணும், பழைய நோட் வைத்திருப்பவர்கள் முதலில் அதைப் புதுப்பியுங்கள். அதோடு வரும் என்பிஎக்ஸ் (npx) கட்டளையில் ஒரு வரி அடித்தால் பிரவுசரில் 6274 என்ற போர்ட்டில் திறக்கும். (ஏன் 6274? பழைய பட்டன் போனில் எம், சி, பி, ஐ எழுத்துகள் இருக்கும் இலக்கங்கள் அவை.) ஒன்று கவனம்: 0.14.1க்கு முந்திய பதிப்பு யாரிடமாவது கிடந்தால் உடனே மாற்றுங்கள், நீங்கள் திறக்கிற ஏதோ ஒரு வலைப்பக்கம் உங்கள் கணினியில் கட்டளை ஓட்டக்கூடிய அளவுக்கு அதில் ஓட்டை இருந்தது, 2025இல்தான் அடைத்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இன்ஸ்பெக்டரில் என் சேர்வரின் டூல் பட்டியலை எடுத்தேன். "நெல் சேர்" என்று ஒரு டூல், விளக்கம்: "நெல் சேர்க்கும்." உள்ளீடு: "அளவு, எண்." இதை எழுதியவன் நான்தான். முந்திய நாள் மாமா "நாப்பது சேர்" என்று சொல்ல, ஏஜென்ட் 40 கிலோ என்று பதிந்திருந்தது, மாமா சொன்னது 40 மூட்டை. ஏஜென்டுக்குத் தலை கழன்றுவிட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மாமா எண் சொன்னால் அது மூட்டை என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், தெரிந்ததாலேயே எழுதவில்லை. இப்போது உள்ளீட்டின் பெயரே "மூட்டை எண்ணிக்கை". ஆந்த்ரோபிக் பொறியாளர்களும் இதையேதான் சொல்கிறார்கள், "யூசர்" என்று மொட்டையாக வைக்காமல் "யூசர் ஐடி" என்று வையுங்கள் என்று. அவர்களுடைய ஏஐ மொடலான கிளோட் இணையத்தில் தேடும்போதெல்லாம் தேவையில்லாமல் 2025 என்று ஒட்டிக்கொண்டிருந்ததாம், அதையும் டூலின் விளக்கத்தைத் திருத்தித்தான் சரிக்கட்டினார்களாம். அவர்களுக்கே அந்தக் கதி.

திகதி இன்னொரு கூத்து. மாமா செப்டம்பர் 3ஐ 03/09 என்று போட, சிறுபோக நெல் மார்ச்சில் வந்ததாகக் கணக்கு நின்றது. வடிவத்தை ஸ்கீமாவில் கட்டாயமாக்கினேன், அதற்குப் பிறகு ஏஜென்ட் ஒரே பிழையில் மூன்று தரம் முட்டிக்கொண்டு நின்றது, ஏனென்றால் என் பிழைச் செய்தி "தவறான உள்ளீடு" என்று மட்டும் சொன்னது. மறுகா அதை "திகதி 2025-09-03 போல வரவேணும், ஆண்டு, மாதம், நாள்" என்று மாற்றினேன். அடுத்த தரமே தானாகத் திருத்திக்கொண்டது.

அடுத்தவனுடைய டூலை வாங்குமுன் பார்க்கவும் இது உதவும். ஒரு கணக்கு மென்பொருளின் சேர்வரை (பெயர் வேண்டாம்) இதில் திறந்தேன். "இன்வொய்ஸ் எடு", "இன்வொய்ஸ் பார்" என்று இரண்டு டூல், இரண்டுக்கும் ஒரே விளக்கம். எதை எப்போது அழைப்பது என்று எனக்கே விளங்கவில்லை, ஏஜென்ட் என்ன செய்யும் பாவம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது ஏனென்றால், இதில் பெட்டிகளை நிரப்புவது நாம். 40 என்று நான் அடிக்கும்போது மூட்டை என்று எனக்குத் தெரிந்தே அடிக்கிறேன், எல்லாம் பச்சையாகத்தான் வரும். விளக்கம் மோசம் என்று இன்ஸ்பெக்டர் ஒருநாளும் சொல்லாது. உண்மையான ஏஜென்டைக் கொண்டும் ஓட்டிப் பார்க்கத்தான் வேணும்.

நான் இன்னொரு வேலை செய்தேன். கணினிப் பக்கமே வராத தங்கச்சியைக் கூப்பிட்டு, இன்ஸ்பெக்டர் திரையைக் காட்டி, "இத நிரப்பு பாப்பம்" என்றேன். மூட்டை, திகதி எல்லாம் கடகடவென்று போட்டாள். மறுகா நின்றுவிட்டாள்.

"அண்ணா, இதுல பேர் எண்டா ஆர்ர பேரு? நெல்லுக்காரன்ட பேரா, நெல்லுட பேரா?"

அது எனக்குத் தோன்றவேயில்லை. இன்னும் "பெயர்" என்றுதான் கிடக்கிறது, இன்றைக்கு இரவு மாற்ற வேணும்.