ஓதம் ஏறும் பழைய சுவருக்கு எது சரி: சிமென்டா, சுண்ணாம்பா, ஊசியா?

எங்கள் திருவல்லிக்கேணி வீட்டுச் சுவர் 14 அங்குல கனம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மேலே தேக்குக் கட்டை அடுக்கிய மெட்ராஸ் டெர்ரஸ் கூரை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கூடத்துச் சுவர் இடுப்பு உயரத்துக்குக் கறுத்துப்போகும். உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிரும்.

முதலில் எல்லாரும் சொல்வது சிமென்ட் பூச்சு, அதில் வாட்டர்ப்ரூஃப் மருந்து கலந்து. செலவு குறைவு, எந்தக் கொத்தனாரும் செய்வார், சில நாளில் முடியும். நாங்களும் செய்தோம். இரண்டு மழைக்காலம் சுவர் பளிச்சென்று இருந்தது. மூன்றாவது வருஷம் சிமென்ட் நின்ற கோட்டுக்கு மேலே, நெஞ்சு உயரத்தில் ஓதம் தெரிந்தது. பழைய சுவர் தரையிலிருந்து நீரை உறிஞ்சி, தன் முகத்தின் வழியாகக் காற்றுக்கு விடுகிறது. அந்த முகத்தை அடைத்தால் நீர் நிற்பதில்லை, வழி தேடி மேலே ஏறுகிறது. இதைவிடப் பெரிய ஆபத்து கட்டைகளுக்கு. அவற்றின் முனை சுவருக்குள் உட்கார்ந்திருக்கிறது, ஈரம் அங்கே தங்கினால் தேக்கும் இற்றுப்போகும். சிமென்டைக் கொத்தி எடுக்கும்போது செங்கல்லின் முகமும் பெயர்ந்து வந்தது. இன்னும் மனசு ஆறவில்லை.

சுண்ணாம்புப் பூச்சு அதற்கு நேரெதிர். நீற்றிய சுண்ணாம்பு, மணல், சுர்க்கி என்கிற செங்கல் தூள், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இது இறுகும். அதனால் மெல்லிய பூச்சாகப் பல முறை பூசி, வெயிலில் சட்டென்று காய்ந்துவிடாமல் ஈரச் சாக்கு போட்டுக் காக்க வேண்டும். ஆள் கிடைப்பது கஷ்டம், கூலி அதிகம். இது ஓதத்தை நிறுத்தாது, வெளியே போகத்தான் விடும். உப்பைத் தானே வாங்கிக்கொண்டு, செங்கல்லைக் காப்பாற்றி, சில வருஷத்தில் தான் உதிரும். அந்த இடத்தை மறுபடி பூச வேண்டும். மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். வெள்ளையடிப்புத்தான் பொருந்தும்.

ஊசி முறையில் தரைக்குச் சற்று மேலே, காரை இணைப்பில் வரிசையாகத் துளை போட்டு, நீரை விலக்கும் சிலேன் வகை மருந்தைச் செலுத்துவார்கள். மருந்து இடைவெளி விடாமல் பரவினால் உண்மையிலேயே பலன் தரும். நூறு வயதுச் சுவருக்குள் பொந்தும் விரிசலும் இருக்கும், மருந்து அதற்குள் ஓடிவிட்டால் தடை முழுமையாகாது. செய்தாலும், உப்பேறிய பழைய பூச்சை எடுத்துச் சுண்ணாம்புதான் பூச வேண்டும்.

டைல்ஸ், பிவிசி பேனல் ஒட்டுவது மறைப்புதான். உள்ளே சுவர் நனைந்தபடியே இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வெளியே போய்ப் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் எங்கள் தெரு வாசற்படிக்குச் சமமாகிவிட்டது. சுவரை ஒட்டிப் போட்டிருந்த சிமென்ட் தரையை உடைத்து, கருங்கல் ஜல்லி கொட்டி, மாடிக் குழாய்த் தண்ணீரைத் தள்ளிவிட்டோம். சுண்ணாம்பு பூசும் முன்பே பாதி ஓதம் இறங்கியது. ஒரு அங்குலச் சுவர் காய ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. அப்படியென்றால் எங்கள் சுவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல். அவசரப்பட்டுப் பூசாதீர்கள்.

அப்புறம் வெக்கை. கனமான சுவர் பகல் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும், அதன் உட்பக்கம் தெர்மாகோல் அடைத்தால் ஈரம்தான் சிக்கும். சூடு இறங்குவது மாடி வழியாக. ஏப்ரல் கடைசியில் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அங்கே போட்டி தட்டோடும் (தட்டையான சுட்ட மண் ஓடு) வெள்ளைக் கூலிங் பெயின்ட்டும். செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதித்தால் ஒழுகலும் நிற்கும், சூடும் குறையும். ஆனால் பாரம். பழைய தளவரிசையை எடுக்காமல் அதன்மேல் இன்னொன்று போடவே கூடாது, கட்டை தாங்காது. பெயின்ட்டுக்கு எடையில்லை, செலவும் கொஞ்சம். தூசி படிந்தால் பலன் குறையும், அடிக்கடி அடிக்க வேண்டும். எங்கள் கட்டைகளின் வயதை நினைத்து நான் பெயின்ட்டைத்தான் எடுத்தேன், விரிசல்களை முதலில் சுண்ணாம்பால் அடைத்துவிட்டு. ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்றேன். ஒழுகலோ கரையானோ வந்தால் கட்டை கண்ணில் பட வேண்டும்.