பல கேமரா, ஒரே திரை: எங்கே ஒட்டுவது?

நெட்வொர்க்கில் வரும் பல வீடியோக்களை ஒரே திரையில் காட்ட இரண்டு வழிகள் உண்டு. திரையோடு இணைந்த கணினியே எல்லா ஸ்ட்ரீமையும் (தொடர்ந்து வரும் வீடியோ ஓட்டத்தை) வாங்கி, டீகோட் செய்து, அதாவது சுருக்கிய வீடியோவைப் படமாக விரித்து, கட்டம் கட்டமாக அடுக்கலாம். இல்லையென்றால், நடுவில் ஒரு சர்வர் அவற்றை ஒரே படமாக ஒட்டி, ஒற்றை ஸ்ட்ரீமாக அனுப்பலாம்.

முதல் வழியில் தாமதம் குறைவு. ஒரு கேமரா அறுந்தாலும் அந்தக் கட்டம் மட்டும்தான் கறுக்கும். டீகோடிங் சுமைதான் தலைவலி. ஆனால் அதில் பாதி நாமே இழுத்துக்கொள்வது. 1920×1080 திரையை 16 கட்டமாகப் பிரித்தால் ஒரு கட்டத்துக்குக் கிடைப்பது 480×270 பிக்சல்தான். அதற்கு முழு எச்டி ஸ்ட்ரீம் எதற்கு? பெரும்பாலான ஐபி கேமராக்கள் (நெட்வொர்க்கில் இணையும் கேமராக்கள்) சப்ஸ்ட்ரீம் என்று சிறிய அளவிலும் தருகின்றன. அதை எடுத்தாலே சாதாரண கணினி தாங்கும்.

சர்வர் வழிக்கு எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ மென்பொருளில் பல படங்களை ஒன்றாக அடுக்கும் எக்ஸ்ஸ்டாக் (xstack) ஃபில்டர் போதும். ஆனால் ஒட்டிய படத்தை மறுபடி என்கோட் செய்ய (வீடியோவாகச் சுருக்க) வேண்டும்; அதனால் தாமதம் கூடும், சிபியு கொதிக்கும். இன்னொரு தொல்லை: ஓர் உள்ளீடு ஃபிரேம் அனுப்பாமல் தொங்கினால் மொத்தப் படமும் அப்படியே உறைந்துவிடலாம். கட்ட அமைப்பை மாற்றவும் பெரும்பாலும் நிறுத்தித் தொடங்க வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு திரை என்றால் நான் யோசிக்காமல் முதல் வழிக்கே போவேன். அதே காட்சி பத்து டிவிகளுக்கோ மொபைல்களுக்கோ போகவேண்டும் என்றால், சரி, சர்வர்தான். ஒருமுறை ஒட்டினால் எல்லாருக்கும் ஆயிற்று.