ராஜராஜன் செப்புக்காசு வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஏராளமாகக் கிடைப்பதால் சில நூறு ரூபாய்தான். விற்று லாபம் பார்க்க உதவாது. ஆனாலும் சேகரிப்பாளர் பலர் தங்கக் காசை விட்டுவிட்டு இதைத்தான் ஆசையாக எடுத்துக் காட்டுவார்கள். ஆயிரம் ஆண்டுப் பழைய எழுத்து உள்ளங்கையில் இருக்கிறதே!

ஒருபுறம் நிற்கும் உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம், அருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று மூன்று வரி. அச்சு ஓரம் தள்ளி விழுந்து எழுத்து பாதி போன காசுகள் நிறைய வரும். மூன்று வரியும் தெளிவாக இருந்தால் கூடுதலாகக் கொடுக்கலாம். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு, மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தால் உருக்கி ஊற்றிச் செய்த வார்ப்புப் போலியாக இருக்கலாம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசு வேண்டவே வேண்டாம். காலப்போக்கில் செம்பின் மேல் படிந்த இயற்கைப் படலம் போனால் விலையும் போச்சு. பிவிசி உறையில் நாளாக வைத்தால் பச்சைப் பிசுக்கு பிடித்துச் செம்பை அரிக்கும். பெட் (PET) பிளாஸ்டிக் உறை வாங்குங்கள்.