பிஎம்ஐ கால்குலேட்டர் ரிவ்யூ: அப்பன் பச்சை, மவன் சிவப்பு

முதல்லயே சொல்லிருதேன், நான் டாக்டரும் இல்ல ஜிம் மாஸ்டரும் இல்ல. தக்கலையில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், காலைல ஒம்பது மணிக்கு சேர்ல உக்காந்தா ராத்திரி எட்டரைக்குதான் எந்திரிப்பேன், நடுவுல எதிர்த்த கடைல இருந்து சாயாவும் ரசவடையும் வந்துகிட்டே இருக்கும். அதுனால தொப்பைய பத்தி பேச எனக்கு முழு தகுதி உண்டு. கடந்த ரெண்டு மாசமா வீட்டுல உள்ள எல்லாரையும் புடிச்சு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடைதானான்னு சொல்லுத நம்பர், பாத்தாச்சு, போன்ல மூணு ஆப், பஸ் ஸ்டாண்டு பக்கம் நிக்கிற பேசுத மெஷின், அக்கா மவன் ஆன்லைன்ல வாங்குன ஸ்மார்ட் தராசு, எல்லாத்தையும் சேத்துதான் இந்த ரிவ்யூ. எந்த ஆப்பு பேரும் சொல்ல மாட்டேன், ஏன்னா உள்ள நடக்குத கணக்கு எல்லாத்துலயும் ஒண்ணேதான்.

கணக்கு என்னன்னா, கிலோவுல எடை, அத மீட்டர்ல உள்ள உயரத்தால ரெண்டு தடவ வகுக்கணும், அவ்வளவுதான். ஆறாங்கிளாஸ் பிள்ள போடுத கணக்கு. இதுக்கு எதுக்கு 60 எம்பி ஆப்புன்னு எனக்கு இன்னும் வெளங்கல. அதுல ஒரு ஆப்பு போன் நம்பர் கேட்டுச்சு, காண்டாக்ட் லிஸ்ட் பாக்கணும்னு கேட்டுச்சு, நானும் யோசிக்காம ஓகே ஓகேன்னு தட்டிட்டேன். மூணாவது நாள் போன் வருது, சார் நீங்க ஓவர்வெயிட், எங்க பவுடர் காலைல ராத்திரி ரெண்டு நேரம் சோத்துக்கு பதிலா குடிச்சா போதும்னு. சோத்துக்கு பதிலாம். வச்சிட்டேன். அந்த ஆப்புக்கு ஸ்டாரே கிடையாது.

பேசுத மெஷின் பரவால்ல, பத்து ரூவா. மேல ஏறி நின்னா தலைக்கு மேல இருக்க சென்சார் உயரத்த அளக்கும், ஒரு பொம்பள குரல் இங்கிலீஷ்ல ஏதோ சொல்லும், சீட்டு வரும். எனக்க சீட்டுல உயரம் 169, எடை 75.4, பிஎம்ஐ 26.4. எனக்கு சந்தேகம், ஏன்னா நான் செருப்போட ஏறினேன். அத்தானுக்கு குலசேகரத்துல ரப்பர் ஷீட்டு எடுக்கிற கடை, அங்க ஷீட்டு போடுத முத்திரை வச்ச எலக்ட்ரானிக் தராசு உண்டு, பத்து கிராம் வித்தியாசம்னாலும் கொண்டு வாரவன் சண்டைக்கு வருவான், அதுனால அத நம்பலாம். அதுல ஏறி நின்னேன், 74.0. வீட்டுல செவுத்துல முதுக சாச்சு நின்னு தலைல நோட்டுபுக்க வச்சு பென்சில்ல கோடு போட்டு அளந்தா 167. கணக்கு போட்டா 26.5. அதாவது அந்த மெஷின் உயரத்தையும் கூட காட்டிருக்கு, எடையையும் கூட காட்டிருக்கு, ரெண்டு தப்பும் ஒண்ணையொண்ணு அடிச்சு கிட்டத்தட்ட சரியான விடைக்கு வந்திருக்கு. எல்லாருக்கும் இப்பிடி அதிர்ஷ்டம் அடிக்காது. உயரத்த ரெண்டு தடவ வகுக்கதுனால அதுல ஒரு சதவீதம் தப்புன்னா விடைல ரெண்டு சதவீதம் தப்பு வரும், அதுனால எடையவிட உயரத்தத்தான் கவனமா அளக்கணும். நம்மாளுக எல்லாரும் கல்யாணத்துக்கு பொண்ணு பாக்கும்போது சொன்ன உயரத்தயே இன்னும் போட்டுகிட்டு இருக்கோம்.

சரி நம்பர் வந்தாச்சு, இனிமதான் கூத்து. ஒரு ஆப்புல எனக்கு மஞ்சள் கலர், ஓவர்வெயிட்டு. இன்னொரு ஆப்புல சிவப்பு, ஒபீஸ், அதாவது உடல்பருமன். அதே 26.5 தான். எனக்கு மண்டை காஞ்சு போச்சு, கடைல ஆள் இல்லாத நேரம் உக்காந்து படிச்சு பாத்தப்பதான் தெரியுது, முதல் ஆப்பு உலக சுகாதார நிறுவனத்துக்க பொது அளவ வச்சிருக்கு, அதுல 25 தாண்டினாதான் ஓவர்வெயிட், 30 தாண்டினாதான் ஒபீஸ். நம்ம இந்திய டாக்டர்மாரு 2009-ல கூடி ஒத்துகிட்ட அளவுல 23-லயே ஓவர்வெயிட் ஆரம்பம், 25 வந்தா ஒபீஸ். ரெண்டாவது ஆப்பு அத வச்சிருக்கு. எந்த அளவு போட்டிருக்குன்னு ரெண்டு ஆப்புமே வெளிப்படையா சொல்லல, ஒண்ணுல செட்டிங்ஸ்க்கு உள்ள போயி ஏசியன்னு ஒரு பட்டன் இருக்கு, அத யாரு தேடுவா. அமெரிக்காவுலயும் இப்பிடி ஒண்ணு நடந்திருக்கு, 1998 வரைக்கும் அங்க ஆம்பளைக்கு ஓவர்வெயிட்டு 27.8-ல ஆரம்பம், அந்த வருசம் 25-ன்னு மாத்தினாவ, ஒரு கிராம் கூடாமலே ஒரே நாள்ல லட்சக்கணக்கான பேரு ஓவர்வெயிட் ஆயிட்டாவ. அதாவது நம்பரு கணக்கு போட்டு வருது, கலரு மனுசன் முடிவு பண்ணுதது.

இப்பம் தலைப்புல சொன்ன விசயத்துக்கு வாரேன். எங்க அத்தான், முன்ன ரப்பர் பால்வெட்டுக்கு போனவரு, முட்டு வலி வந்த பொறவு கடை கல்லாவுலயே இருக்காரு. உயரம் 165, எடை 64. பிஎம்ஐ 23.5. முதல் ஆப்புல நல்லா பச்ச பசேல்னு நார்மல். அவருக்க மவன் கபடி ஆடுதவன், ஜிம்முக்கும் போவான், 172 உயரம், 82 கிலோ, பிஎம்ஐ 27.7. எதிர்த்து வந்தா நாம ஒதுங்கி நிக்கணும், அப்பிடி ஒரு தோள்பட்ட. அவனுக்கு ரெண்டாவது ஆப்புல சிவப்பு. அத்தானுக்கு சிரிப்பு தாங்கல, "லேய், உனக்க ஜிம்மு பைசா எல்லாம் வேஸ்டுலேய், அப்பன பாரு, புரோட்டா தின்னுட்டே நார்மல்" அப்பிடின்னு ஒரு வாரம் அவன ஓட்டி எடுத்தாரு.

அந்த சிரிப்பு ஒரு வாரம்தான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு வீடா வந்து பிரஷரு சுகரு பாக்க வாராவல்லா, அந்த அக்கா வந்து அத்தான் வெரல்ல குத்தி பாத்தா 240. ஆஸ்பத்திரில மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட் எடுத்தா 8.1, அது 6.5 வந்தாலே சுகருதான். கையும் காலும் மெலிஞ்சு இருக்கும், ஆனா சாரத்துக்கு மேல வயிறு தனியா நிக்கும், நம்மூர்ல பாதி ஆம்பளைக இந்த ஷேப்புதான்னு பாத்தாலே தெரியும். மவனுக்கு சுகரும் இல்ல பிரஷரும் இல்ல.

இதுக்கு காரணம் என்னன்னா, தராசுக்கு எது கொழுப்பு எது சதை எது எலும்புன்னு தெரியாது, கொழுப்பு எந்த இடத்துல இருக்குன்னும் தெரியாது. நம்ம ஆளுகளுக்கு உள்ளுக்குள்ள, குடல சுத்தி ஈரல சுத்தி சேருத கொழுப்புதான் ஜாஸ்தி, சுகருக்கு வழி வெட்டுதது அதுதான். இத விளக்க ஒரு போட்டோ உண்டு, 2004-ல லான்செட் மருத்துவ பத்திரிகைல வந்தது. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்துல பக்கத்துல நிப்பாவ, பாத்தா ரெண்டு பேரும் ஒரே வாட்டம்தான், ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3, ஆனா உடம்பு கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2. இத அத்தானுக்கு காட்டுனேன், "அப்பம் டாக்டருக்கே இந்த கதியா"ன்னு ஒரே ஆறுதல் அவருக்கு. நான் பயமுறுத்த காட்டுனது.

இந்த கணக்க கண்டுபுடிச்சவரு டாக்டரே இல்லன்னும் அப்பதான் படிச்சேன். பெல்ஜியத்துல கெட்லேன்னு ஒருத்தரு, வானசாஸ்திரமும் புள்ளிவிவரமும் பாத்தவரு, 1830-கள்ல ஆளுகள அளந்து, சராசரி மனுசன் எப்பிடி இருப்பான்னு தேடினவரு. தனி ஒரு ஆளுக்கு சீக்கு இருக்கா இல்லையான்னு பாக்குதது அவருக்க சோலியே இல்ல. பிஎம்ஐன்னு பேரு வந்தது 1972-ல, அமெரிக்காவுல ஆன்சல் கீஸ் வச்ச பேரு. கூட்டத்த எண்ணுததுக்கு இப்பவும் இது நல்ல சாமான்தான், 2019-21 குடும்பநல சர்வேல தமிழ்நாட்டுல பொம்பளைக 40.4 சதவீதம் பேரு, ஆம்பளைக 37 சதவீதம் பேரு 25-க்கு மேலன்னு வந்தது இத வச்சுதான், அத்தன லட்சம் பேர வேற எப்பிடி சல்லிசா அளக்க முடியும். நம்ம பத்மநாபபுரம் அரண்மனைல ஒரு உருண்டை கல்லு உண்டு, பட்டாளத்துல சேர வாரவன் அத தூக்கி காட்டணும்னு கைடுங்க சொல்லுவாவ, அந்த டெஸ்டுல மருமவன் பாஸ், நானும் அத்தானும் கல்ல தொட்டுட்டு திரும்பி வந்திருப்போம்.

எனக்கு கோவம் வந்தது வேற விசயத்துக்கு. எனக்க மவளுக்கு 11 வயசு. நாங்க எல்லாரும் பாக்குதத பாத்துட்டு அவளும் எனக்கு தெரியாம போட்டிருக்கா, 140 சென்டிமீட்டர், 32 கிலோ, 16.3 வந்திருக்கு, நீல கலர்ல அண்டர்வெயிட்டு, அபாயம்னு ஒரு ஆச்சரியக்குறி. பிள்ள ரெண்டு நாளு யாருகிட்டயும் சொல்லாம ராத்திரி எந்திரிச்சு ஏத்தங்காய் சிப்ஸையும் முந்திரிக்கொத்தையும் எடுத்து தின்னுருக்கா, வயிறு கெட்டு போனப்பதான் விசயம் வெளிய வந்துது. 18.5-க்கு கீழ அண்டர்வெயிட்டுங்கது பெரியவங்களுக்குள்ள கணக்கு. வளருத பிள்ளைகளுக்கு வயசும் ஆணா பெண்ணாங்கதும் பாத்து சார்ட்டுல எந்த கோட்டுல வருதுன்னு பாக்கணும், குழந்தை டாக்டர்மாரு சங்கம் 2015-ல போட்ட இந்திய சார்ட்டே இருக்கு. டாக்டர் அதுல வச்சு காட்டினாவ, பிள்ள நல்லா நடுவுலதான் இருக்கா. சின்ன பிள்ளைக்கு அபாயம்னு எழுதி காட்டுத ஆப்ப என்ன சொல்ல. அதோட வயசு கேட்டுச்சு, அவ 11-ன்னு போட்டிருக்கா, போட்டும் பெரியவங்க கலரதான் காட்டிருக்கு, அப்பம் கேட்டது எதுக்கு?

அம்மா கதை சின்னது. 71 வயசு, 52 கிலோ. பழைய ஆபரேஷன் சீட்டுல உயரம் 152, இப்பம் அளந்தா 147, முதுகெலும்பு ஒடுங்கி போச்சு. பழைய உயரத்துக்கு 22.5, புது உயரத்துக்கு 24.1, ஒரு கிலோ கூடாமலே இந்திய அளவுல நார்மல்ல இருந்து ஓவர்வெயிட்டு. "எனக்க பொக்கம் எங்க போச்சுன்னு உனக்க போன்ட கேளு மக்கா"ன்னு சொல்லிட்டு கஞ்சியும் பயறும் எடுக்க போயிட்டாவ. டாக்டரும் அவங்கள எடைய குறைக்க சொல்லல, சதை கரையாம இருக்க முட்டை மீனு பயறு தின்னுங்க, நடங்கன்னுதான் சொன்னாரு. கர்ப்பமா இருக்கவங்களுக்கும், கால்ல நீர் கோத்தவங்களுக்கும் இந்த நம்பர வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அதுவும் எந்த ஆப்புலயும் எழுதல.

மருமவனுக்க ஸ்மார்ட் தராசு பத்தியும் சொல்லணும், அவன் காசு போட்டு வாங்குனதாச்சே. வெறுங்கால்ல ஏறி நின்னா லேசா கரண்டு விட்டு உடம்புல கொழுப்பு இத்தன சதவீதம்னு சொல்லும். தண்ணி உள்ள சதைல கரண்டு சுளுவா போவும், கொழுப்புல போவாது, அத வச்சு ஒரு மதிப்பு. ஆனா காலைல 24-ன்னு சொல்லுது, கபடி ஆடி வேர்த்து வந்து ஏறினா 27, ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சா வேற ஒண்ணு. தினமும் ஒரே நேரத்துல ஏறி மாசக்கணக்குல ஏறுதா இறங்குதான்னு பாக்க கொள்ளாம், தனியா ஒரு நாள் நம்பர நம்பாதிய. நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சவங்க இதுல ஏறவே கூடாது, அது மட்டும் அட்டைல பெருசா போட்டிருக்கான், நல்லது.

அப்பம் பிஎம்ஐ குப்பையான்னா இல்ல. எனக்கு அது பொய் சொல்லல பாருங்க, 26.5, தொப்பையும் உண்டு, பிரஷரும் ஓரத்துல நிக்குது. பைசா செலவில்லாம ஒரு மணி அடிச்சு காட்டிச்சு, போயி சுகர் பாரு கொழுப்பு பாருன்னு, அந்த அளவுக்கு மூணு ஸ்டார். ஆனா 167 உயரத்துக்கு 52 கிலோவும் நார்மலாம் 64 கிலோவும் நார்மலாம், நடுவுல 12 கிலோ, ஒரு சின்ன மூட்டை ரப்பர் ஷீட்டு, இத வச்சுகிட்டு உங்க சரியான எடை இதுன்னு ஒத்த நம்பர சொல்லுத ஆப்ப நம்பாதிய. 2025 ஜனவரில லான்செட் குழு சொன்னதும் இததான், பிஎம்ஐய மட்டும் வச்சு உடல்பருமன்னு முடிவு கட்டாதிய, இடுப்பையும் அளங்கன்னு.

அந்த இடுப்பு டேப்புக்குதான் நான் நாலரை ஸ்டார் குடுப்பேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேல்முனைக்கும் நடுவுல, மூச்ச விட்டுட்டு, வயித்த எக்காம அளக்கணும். பேன்ட் சைஸ் இது இல்ல, நாம எல்லாரும் பேன்ட்ட தொப்பைக்கு கீழதான் மாட்டுதோம். நம்ம ஆளுகளுக்கு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80, அதுக்கு மேல போவக்கூடாது. இல்லன்னா உயரத்துல பாதிக்கு கீழ இருக்கான்னு பாத்தா போதும், மனசுலயே போடலாம். எனக்கு 97, அத்தானுக்கு 94, ரெண்டு பேரும் பாதிய தாண்டியாச்சு. மருமவனுக்கு 81, 172-ல பாதி 86, பாஸு. இந்த டேப்பு ஒண்ணுதான் அப்பனையும் மவனையும் சரியா பிரிச்சு காட்டிச்சு.

அரை ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, துணி டேப்பு இழுபடும், பழசாயிட்டா தப்பு காட்டும். வீட்டுக்காரி தையல் மெஷின்ல கிடந்த பழைய டேப்புல முதல் ரெண்டு இஞ்ச் அறுந்து போயிருந்தது, அது தெரியாம முதல் நாள் அத்தான அளந்து 99-ன்னு சொல்லிட்டேன், மனுசன் ஆடிட்டாரு. பொறவு வடசேரில புது டேப்பு இருவது ரூவாய்க்கு வாங்கி அளந்துதான் 94 வந்தது. அத்தான் இப்பம் புது டேப்புல அளந்தாலும் அந்த ரெண்டு இஞ்ச கழிச்சுட்டுதான் அக்காகிட்ட கணக்கு சொல்லுதாரு.