குழு லோன் ரிவ்யூ: பைசா சீக்கிரம் கிட்டும், மழைக்காலத்துலதான் தெரியும்

போனுக்கும் பிரியாணிக்கும் பக்கம் பக்கமா ரிவ்யூ எழுதுதாவ, குழு லோனுக்கு, அதாவது பொம்பளைங்க குழுவா சேந்து ஒருத்திக்கு ஒருத்தி பொறுப்பேத்து கம்பெனிட்ட வாங்குத வாரக் கடனுக்கு, ஒருத்தரும் எழுதி நான் பாக்கல. எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல குளச்சல், கருங்கல் பக்கம் எந்தத் தெருவுக்குள்ள போனாலும் காலைல ஒரு வீட்டுத் திண்ணைல பத்து பொம்பளைங்க உக்காந்து உறுதிமொழி சொல்லிட்டு இருப்பாவ, நடுவுல பேக் மாட்டுன ஒரு பையன் டேப்ப நோண்டிட்டு இருப்பான். அதுதான் சென்டர், வாராவாரம் டியூ கட்டுத எடம். எங்க அம்மா பேர்ல எடுத்த 40,000 ரூபா லோன வச்சு இத எழுதுதேன். கம்பெனி பேரு போடல, அந்தத் தெருவுல வார எல்லா கம்பெனியும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

நல்லத முதல்ல சொல்லிருதேன். வேகம் சூப்பர். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டுக்காரர் ஆதார், பாஸ்புக், வீட்டு வாசல்ல நின்னு ஒரு போட்டோ, அவ்வளவுதான். நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம், ஜாமீனுக்கு கவர்மெண்ட் வேலைல இருக்க சொந்தக்காரர் கால்ல விழ வேண்டாம். ஒரு வாரத்துல அக்கவுண்ட்ல பைசா. பத்து வட்டிக்கு வாங்குனவியளுக்கு இது எவ்வளவு பெரிய விசயம்னு தெரியும், மாசம் நூத்துக்கு பத்துன்னா வருசத்துக்கு 120 ஆச்சே. கந்துவட்டிய தடுக்க 2003லயே சட்டம் வந்தாச்சு, ஆனாலும் ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னா எந்த வாசல்ல போயி நிப்பாவன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த வாசலுக்கு பதிலா இது இருக்குன்னா நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி கணக்கு. வாரம் 870, மொத்தம் 52 வாரம். கூட்டுனா 45,240. லோன் குடுக்க வந்த கம்பெனி சார் சிரிச்சுகிட்டே "பதிமூணு வட்டிதான் அக்கா"ன்னு சொன்னாரு. ஆனா அசல் வாராவாரம் குறையுதுல்லா, கடைசி மாசம் உங்க கைல இருக்கது அவிய பைசால கொஞ்சூண்டு, வட்டி மட்டும் முழு 40,000க்கு போட்ட மாதிரி நிக்கும். குறையுத அசலுக்கு கணக்கு போட்டா வருசத்துக்கு 25 சதவீதத்த ஒட்டி வரும். இதுல கட்டணம், ஜிஎஸ்டி, இன்சூரன்ஸ்னு பிடிச்சு கைக்கு வந்தது 38,900, அதையும் சேத்தா 30ஐ தொடும். மறைச்சாவன்னு சொல்ல முடியாது, கார்டுல சின்ன எழுத்துல இருக்கு, யாரு வாசிக்கா? 2011 கணக்குல 91.75 சதவீதம் படிச்சவங்க உள்ள மாவட்டம்னு நம்ம பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்ல.

வட்டிய விட பெரிய பிரச்சனை அந்த வாரம்ங்க வார்த்தைதான். எங்க ஊருல யாருக்கு வாராவாரம் ஒரே வருமானம் வருது சொல்லுங்க? ரப்பர் பால் வெட்டுதவருக்கு மழை பெஞ்சா வெட்டு இல்ல, நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு, அது போதாதுன்னு இலை கொட்டுத காலத்துலயும் நிறுத்தணும். அண்டி ஆபீசுக்கு, அதான் முந்திரிப்பருப்பு கம்பெனிக்கு, போற அக்காமாருக்கு வெளிநாட்டுல இருந்து பச்சை அண்டி வந்தாதான் வேலை, வராட்டா கேட்டு பூட்டிருக்கும். கொத்தவேலைக்கு கேரளா போறவருக்கும் மழைல பாதி நாள் லாட்ஜ் ரூம்தான். விசைப்படகுல போறவியளுக்கு மேற்கு கரைல ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம், 61 நாள். அதுக்கு அரசாங்கம் குடும்பத்துக்கு 8,000 ரூபா நிவாரணம் குடுக்கு. 61 நாளுல ஒம்பது டியூ வந்துச்சுன்னா 9 தடவ 870, 7,830. ஆக மொத்த நிவாரணமும் அப்படியே பேக்குக்குள்ள போயிரும், மிச்சம் 170 ரூபா, அதுல ரெண்டு மாசம் கறி மீனு இல்லாம சாப்பிடணும், அதுவும் மீன் பிடிக்கவன் வீட்டுல.

இதுக்கு ரிசர்வ் வங்கில ரூல் இல்லாம இல்ல. 2022ல புது விதி வந்துச்சு, வருச வருமானம் 3 லட்சம் வரைக்கும் உள்ள குடும்பத்துக்குதான் இந்த லோன், எல்லா கடனுக்கும் சேத்து கட்டுதது மாச வருமானத்துல பாதிய தாண்டக்கூடாது. கேக்க நல்லா இருக்கு. ஆனா வருச வருமானத்த பன்னெண்டால வகுத்துதான் மாச வருமானம் எழுதுதாவ. ஜூலை மாசம் வீட்டுல வகுக்க என்ன இருக்கு? எங்க வீட்டு வருமானத்த அம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு மீதிய அந்த சாரே நிரப்பிட்டாரு, ரொம்ப தாராளமாவே நிரப்பிருந்தாரு.

அப்பம் டியூ எப்பிடி கட்டுதாவ? இன்னொரு கம்பெனில எடுத்துதான். செவ்வாக்கிழமை டியூக்கு வியாழக்கிழமை கம்பெனி, அதுக்கு பொறவு கம்மலு பேங்குக்கு போவும், கடைசில திரும்பவும் அந்த பத்து வட்டி வாசல்தான்.

ஒருத்தி கட்டலன்னா மத்தவியெல்லாம் சேந்து போடணும்ங்கது இந்த லோனோட அடிப்படை. நகைக்கு பதிலா பக்கத்து வீட்டுக்காரியதான் அடகு வாங்கிருக்காவ. எங்க சென்டர்ல ஒரு அக்கா, வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து ஆசாரிபள்ளம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில கூட இருந்தாவ, ரெண்டு வாரம் டியூ வரல. சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீடு இருக்கு, சரி, ஆனா ஆட்டோவுக்கும் கூட இருக்கவிய சாப்பாட்டுக்கும் போன கூலிக்கும் எந்த காப்பீடு இருக்கு? மத்தவிய முதல் வாரம் முனங்காம போட்டாவ, ரெண்டாவது வாரம் "பைசா வந்து சேராம யாரும் எந்திரிக்கக் கூடாது"ன்னு அந்த பையன் சொன்னதுல உக்காந்தே இருந்து, அடுப்புல வச்ச சோறு கருகி, கடைசில எல்லா கோவமும் அந்த அக்கா மேல போச்சு. முன்ன ஒரு வீட்டுல சீனி இல்லன்னா மதிலுக்கு மேல கை நீளும். இப்பம் அந்த அக்கா வீடும் பக்கத்து வீடும் பேசிக்கிடல. இத எந்த வட்டி விகிதத்துல சேக்கது?

அந்த பையனையும் முழுசா திட்ட மனசு வரல. அவனும் எங்கயோ டிகிரி முடிச்சிட்டு பைக் டியூ கட்டிட்டு டார்கெட்டுக்கு ஓடுத ஆளுதான்.

யாருக்கு இது சரி வரும்னா, தினம் கல்லாவுல பைசா விழுத ஆளுக்கு. மீன் சுமந்து விக்கவிய, டீக்கடை, காய்கறிக்கடை, ஆடு மாடு வளக்கதுக்கு இல்ல, அன்னைக்கே வித்து அன்னைக்கே எடுக்க தொழிலு. கல்யாணத்துக்கு நகை எடுக்க, காலேஜ் பீஸ் கட்ட, ஆஸ்பத்திரி செலவுக்குன்னா வேண்டாம், அந்த செலவு வாராவாரம் 870 திருப்பித் தராது. நம்ம ஊரு கல்யாணத்துல பவுனு கணக்கு எங்க போயி நிக்குன்னு எழுதுனா அது தனி ரிவ்யூ ஆயிரும், விடுங்க.

கொஞ்சம் பொறுக்க முடியும்னா மகளிர் சுய உதவிக் குழு வழியா பேங்க் லோன் பாருங்க. குழுவா சேந்து மாசாமாசம் சேமிச்சு கணக்கு புத்தகம் ஒழுங்கா எழுதி ஆறு மாசமாவது நடத்தணும், மேனேஜர் பத்து தடவ அலைய விடுவாரு, எல்லாம் உண்மைதான். ஆனா குழுவுக்கு 3 லட்சம் வரைக்கும் 7 சதவீத வட்டி, மாசத் தவணை. 25 எங்க, 7 எங்க.

ஏற்கனவே எடுத்தாச்சுன்னா இது தெரிஞ்சு வச்சுக்கிடுங்க: காலைல 9 மணிக்கு முன்னயும் சாயங்காலம் 6க்கு பொறவும் வசூலுக்கு வரக்கூடாது. பேசி வச்ச எடத்துலதான் வாங்கணும், தொடந்து ரெண்டு தடவ அங்க வரலன்னாதான் வீட்டுக்கு வரலாம். முன்கூட்டியே முடிச்சா அபராதம் கிடையாது. கட்டாய வசூல தடுக்க 2025ல தமிழ்நாடு சட்டசபையும் தனியா சட்டம் போட்டிருக்கு.

அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார், ரெண்டும் வேகத்துக்கு. தகராறு வந்தா முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார் குடுத்து காப்பிய வச்சுக்கிடுங்க, 30 நாளுல பதில் இல்லன்னா ரிசர்வ் வங்கி 14448க்கு கூப்பிடுங்க, தமிழ்லயே பேசலாம். லோன் கார்டு கைல இருக்கட்டும், குழு லீடர் அக்கா வீட்டுல குடுத்து வைக்காதீங்க.