டெபியன் 13 நிறுவலுக்கு பிடிஆர்எஃப்எஸ்ஸா, இசட்எஃப்எஸ்ஸா?

மடிக்கணினியில் டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியபோது, ரூட் பகிர்வுக்கு (இயங்குதளம் இருக்கும் வட்டுப் பகுதிக்கு) எந்தக் கோப்பு முறைமை என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. மேம்படுத்தலில் ஏதேனும் கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) வேண்டும் என்பதால், நம்பகமானதென்றாலும் அந்த வசதி இல்லாத ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை தொடக்கத்திலேயே விலகிக்கொண்டது. எஞ்சிய பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஆகிய இரண்டில் நான் பிடிஆர்எஃப்எஸ்ஸையே தேர்ந்தெடுத்தேன்; ஒரே ஒரு எஸ்எஸ்டி உள்ள கணினிக்கு மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன்.

இரண்டுக்கும் பொதுவானவற்றை விரிக்கத் தேவையில்லை. நொடியில் எடுக்கும் ஸ்னாப்ஷாட், தரவுச் சிதைவைக் கண்டறியும் செக்சம், இசட்எஸ்டிடி சுருக்கம் ஆகிய மூன்றும் இரண்டிலும் உண்டு. வயதில் மூத்தது இசட்எஃப்எஸ்: சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதன் மூலநிரலை 2005-இல் ஓப்பன்சோலாரிஸ் இயங்குதளத்தில் வெளியிட்டது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. பிடிஆர்எஃப்எஸ் 2009-இல், 2.6.29 பதிப்பிலேயே லினக்ஸின் மையக்கருவான கெர்னலுக்குள் சேர்ந்துவிட்டது. கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அதுவும் கூடவே வந்துவிடுகிறது. இசட்எஃப்எஸ்ஸின் சிடிடிஎல் உரிமம் கெர்னலின் ஜிபிஎல் உரிமத்தோடு ஒத்துப்போகாது என்று கருதப்படுவதால், அது இன்றும் கெர்னலுக்கு வெளியேதான் நிற்கிறது. டெபியனில் அதன் மாட்யூல் (கெர்னலோடு இணையும் நிரல்துண்டு), ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பின்போதும் டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாக நம் கணினியிலேயே கம்பைல் ஆக வேண்டும். கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே தொடக்கத்தில் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கினால், அந்த மாட்யூலுக்குக் கையொப்பமிடும் சாவியையும் நாமே பதிவு செய்தாக வேண்டும். புதிய பதிப்புகளைத் தரும் டெபியனின் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கெர்னலை எடுத்து, நிறுவியுள்ள இசட்எஃப்எஸ் பதிப்பு அதை ஆதரிக்காவிட்டால் கம்பைல் தவறிவிடும். தரவு வட்டில் அது ஒரு தொல்லை மட்டுமே, ரூட்டே அதில் இருந்தால் அந்தக் கெர்னலில் கணினி எழவே எழாது. டெபியன் நிறுவியிலும் இசட்எஃப்எஸ் தெரிவு இல்லாததால், நிறுவாமலே இயங்கும் லைவ் வட்டிலிருந்து டெபூட்ஸ்ட்ராப் என்ற கருவியைக் கொண்டு கைப்பட நிறுவ வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தின் நிலைமையே வேறு. இசட்எஃப்எஸ் அங்கே அடிப்படை அமைப்பின் பகுதி. 2014-இல் வந்த 10.0 முதல் நிறுவியிலேயே அதைத் தெரிவு செய்யலாம். அங்கே நான் தயங்காமல் இசட்எஃப்எஸ்ஸையே எடுப்பேன்.

பிடிஆர்எஃப்எஸ்ஸிலும் நிறுவும்போது கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டெபியன் நிறுவி எல்லாவற்றையும் @ரூட்எஃப்எஸ் என்ற ஒரே சப்வால்யூமில் (தனியாக ஸ்னாப்ஷாட் எடுக்கக்கூடிய உட்பிரிவில்) வைத்துவிடுகிறது. ரூட்டைப் பின்னோக்கி எடுத்தால் ஹோம் அடைவில் உள்ள நம் கோப்புகளும் கூடவே பழைய நிலைக்குப் போய்விடும். ஸ்னாப்ஷாட் எடுக்க உதவும் டைம்ஷிஃப்ட் செயலியோ @, @ஹோம் என்ற பெயர்களைத்தான் எதிர்பார்க்கிறது. ஆகவே பகிர்வுகளை வடிவமைத்து முடித்ததும், அடிப்படை அமைப்பு நிறுவப்படும் முன், கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்2 அழுத்திக் கன்சோலுக்குச் சென்று, பகிர்வை அன்மவுண்ட் செய்து (இணைப்பை நீக்கி), மேல்நிலை சப்வால்யூமை மவுண்ட் செய்து, @ரூட்எஃப்எஸ்ஸை @ என்று பெயர் மாற்றி, @ஹோமை உருவாக்கி, இரண்டையும் உரிய இடங்களில் மவுண்ட் செய்துவிட்டு, எது எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

கெர்னல் இருக்கும் பூட் அடைவைத் தனி ஈஎக்ஸ்டி4 பகிர்வில் வைக்காமலிருப்பதும் அதே அளவு முக்கியம். தனியாக வைத்தால் ஸ்னாப்ஷாட்டில் கெர்னல் இடம்பெறாது. பழைய ரூட்டுக்குத் திரும்பிய பின்னும் புதிய கெர்னலே எழும்பும், அதற்குரிய மாட்யூல்கள் பழைய ரூட்டில் இல்லாததால் வைஃபை போன்றவை இயங்காமல் போகும். கெர்னலை ஏற்றித் தொடங்கிவைக்கும் கிரப், பிடிஆர்எஃப்எஸ்ஸை நேரடியாகப் படிக்கும் என்பதால், கணினி தொடங்கத் தேவையான இஎஃப்ஐ பகிர்வு ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தும் அதற்குள்ளேயே இருக்கலாம்.

ஸ்னாப்ஷாட் பழசாகப் பழசாக, நாம் அழித்த கோப்புகளின் இடத்தையும் விடாமல் பிடித்துவைத்திருக்கும் என்பதால், பழையவற்றைத் தானாக நீக்கும் வரம்பை முதல் நாளே அமைத்துவிடுவது நல்லது. அதே வட்டில் இருக்கும் ஸ்னாப்ஷாட் காப்புநகல் ஆகாது. வெளிவட்டுக்கு பிடிஆர்எஃப்எஸ் சென்ட் கட்டளை வழியாக அனுப்புவதே காப்பு.

பல வட்டுகள் கொண்ட சேமிப்புச் சர்வர்களில் என் பழக்கம் குறைவு. அங்கே என் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வட்டு பழுதானாலும் தரவு தப்பும்படி பல வட்டுகளில் பரப்பி வைக்கும் பிடிஆர்எஃப்எஸ்ஸின் ரெய்டு 5, 6 அமைப்புகளை அதை உருவாக்குபவர்களே முக்கியப் பயன்பாட்டுக்குப் பரிந்துரைப்பதில்லை. இசட்எஃப்எஸ்ஸின் ரெய்டு-இசட் அந்த வேலைக்கென்றே ஆனது. அப்போதும் ரூட்டை ஈஎக்ஸ்டி4-இலோ பிடிஆர்எஃப்எஸ்ஸிலோ வைத்து, தரவை மட்டும் இசட்எஃப்எஸ்ஸில் வைத்தால், மாட்யூல் கம்பைல் ஆகாத நாளிலும் கணினி எழுந்துவிடும், சரிசெய்ய உள்ளே நுழையவும் முடியும்.